ஜெபக்கனி எழுதிய அறிக்கை

ஜூன் 3, திங்கள்

புதிய அணி இன்று சேர்ந்தது. பதினான்கு பெண்கள். எல்லோருக்கும் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஒன்பது மாதத்தில் மொழியைக் கற்றுக்கொடுத்து விமானம் ஏற்றிவிட வேண்டியது என் பொறுப்பு. முதல் நாளே என் சட்டத்தைச் சொல்லிவிட்டேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இந்தக் கட்டடத்துக்குள் தமிழ் கிடையாது. வயிறு வலித்தாலும் ஜப்பானிய மொழியில்தான் வலிக்க வேண்டும். பதின்மூன்று பேர் பயந்தார்கள், ஒருத்தி சிரித்தாள். பெயர் ஹசீனா. அவள்மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

என்னை 'சென்செய்' என்று கூப்பிடச் சொன்னேன். அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சென்செய் ஜப்பானில் மொத்தமே பன்னிரண்டு நாள் இருந்தவள் என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

மாலையில் போன அணிப் பெண்களின் குறிப்புகள் வந்தன. வேலைக்குப் போன முதல் ஒரு வருடம் அவர்கள் தினமும் ஒரு பக்கம் ஜப்பானிய மொழியில் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். நான் அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, மறுபடி படம் எடுத்து அனுப்புவேன். ஆறு பேரில் ஒருநாளும் தவறாமல் எழுதுகிறவள் ஜெபக்கனி மட்டும்தான். இருபத்திரண்டு வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காடு. அப்பா உப்பளத்தில் வேலை. போய் எட்டு மாதம் ஆகிறது. இன்றைய பக்கத்தில் நான்கே பிழை. சேர்ந்த புதிதில் அவள் நோட்டைத் திருத்தினால் என் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

ஜூன் 4, செவ்வாய்

மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்து, வேறு ஆள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு குடம் தண்ணீரில் குடும்பம் நடந்தது.

ஜூன் 7, வெள்ளி

நல்ல காரியம் ஒன்று செய்தேன் என்ற திருப்தியோடு எழுதுகிறேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஜெபக்கனியிடமிருந்து ஒரு படம் வந்தது. வழக்கமான குறிப்பு இல்லை, விபத்து அறிக்கையின் வரைவு. அவள் பார்த்துக்கொள்ளும் தனாபே என்ற பெரியவர், எண்பத்தாறு வயது, குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அந்த நேரம் பணியில் இருந்தவர் அன்றே அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. அவர்கள் மணிக்கு ஐந்தரைக்குள் கொடுக்க வேண்டுமாம். நம் மணிக்கு இரண்டு. "சென்செய், தயவுசெய்து" என்று மட்டும் கீழே எழுதியிருந்தாள்.

புளிசாதத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். வாக்கியம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நொண்டியது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: குளியல் இரண்டு பேர் செய்ய வேண்டும். ஹோரிகுச்சி அக்கா நீ ஆரம்பி, வருகிறேன் சொன்னார். வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பக்கத்து அறையில் அவசர மணி அடித்தது. தனாபே ஐயாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். பெல்ட் போட்டேன். கொக்கி சரியில்லை, போன வாரமே சொன்னேன். மணிக்குப் போனேன். சத்தம் கேட்டது.

இதை அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? எட்டு மாதம் முன்னால் வந்த வெளிநாட்டுப் பெண், பதினைந்து வருடம் வேலை செய்யும் ஹோரிகுச்சியைக் கை காட்டுகிறாள் என்று ஆகும். அதற்காகத்தானே என் சிறு புத்தகத்தில் முப்பது வாக்கியங்கள் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறேன்? முதலில் மன்னிப்பு, யார்மேலும் பழி கூடாது, கடைசியில் உறுதிமொழி. ஹோரிகுச்சி வரியை அடித்தேன். மூன்று முறை கூப்பிட்டது புலம்பல் மாதிரி இருந்தது, அதையும் அடித்தேன். கொக்கிக்கு அவள் ஏதோ தப்பான வார்த்தை போட்டிருந்தாள், சரியான ஜப்பானிய வார்த்தை எனக்கே சட்டென்று வரவில்லை. அகராதி புரட்ட நேரமில்லை. பெல்ட் வரிகளையும் எடுத்துவிட்டேன். அவை போன பிறகு அறிக்கை என்னமோ சுத்தமாக, நீரோட்டமாக ஆகிவிட்டது. தலையிலும் வாலிலும் புத்தகத்து வாக்கியங்களைச் சேர்த்தேன். 'இது முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது. ஆழ்ந்த மன்னிப்பைத் தெரிவிக்கிறேன். இனி இவ்வாறு நேராதபடி மனதைச் செலுத்துவேன்.'

ஒன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

புளிசாதம் காய்ந்துபோயிருந்தது.

ஜூன் 8, சனி

இல்லத்தின் தலைவி நிஷியாமா அம்மாள் அறிக்கையைப் படித்துவிட்டு, மொழி இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று ஜெபக்கனியைப் பாராட்டினாராம். அவளுக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டு அனுப்பினேன். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஜூன் 12, புதன்

இன்று மன்னிப்புக் கேட்கும் பாடம். பெயர்களை மறைத்துவிட்டு ஜெபக்கனியின் அறிக்கையையே மாதிரியாகக் கரும்பலகையில் எழுதினேன். இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை, அதனால் எனக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டு பொருளைத் தமிழில் சொன்னேன். ஹசீனா கையைத் தூக்கினாள். சட்டத்தை மீறித் தமிழிலேயே கேட்டாள்.

"சென்செய், குளிப்பாட்ட ரெண்டு பேர் வேணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க. இந்த அக்கா மட்டும் ஏன் தனியா இருந்தாங்க?"

அது இன்றைய பாடம் இல்லை என்றேன். தமிழில் பேசியதற்காக வகுப்பைப் பெருக்கவும் வைத்தேன்.

ஜூன் 19, புதன்

தனாபே பெரியவர் இறந்துவிட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம்.

ஜெபக்கனியின் பக்கத்தில் ஏழு வரிதான் இருந்தது. அவர் தினமும் காலையில் ஜன்னலைத் திறக்கச் சொல்வார், இன்று யாரும் சொல்லாமலே திறந்தேன் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒரு பிழை. சுழித்துத் திருத்தி அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஒரு பெண் தன் கையில் இருந்த மனிதர் செத்துப்போனார் என்று எழுதுகிறாள், நான் அதில் ஒரு எழுத்தைச் சுழித்து அனுப்புகிறேன். என்ன ஜென்மம் நான்.

ஜூன் 21, வெள்ளி

அருணகிரி சார் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பயிற்சி மையத்தின் உரிமையாளர், நல்ல மனிதர், தொழிலில் கெட்டி. ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தை என் முன்னால் தள்ளி, "இதுல என்ன இருக்குன்னு வரி வரியா சொல்லுங்க மேடம்" என்றார்.

இறந்தவரின் மகன் விளக்கம் கேட்டிருக்கிறார். இல்லம் விசாரித்திருக்கிறது. பணியாளர் தன் கைப்படக் கொடுத்த அறிக்கையின்படி, விபத்து முழுக்க அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது. நாற்காலியில் பெல்ட் மாட்டியதாக அறிக்கையில் எந்தக் குறிப்பும் இல்லை. உதவிக்கு யாரையும் அழைத்ததாகவும் இல்லை. ஆகவே ஜூலை கடைசியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எண்ணம். முடிவுக்கு முன் ஜூலை 4 அன்று, பணியாளரின் குடும்பத்தாரும் இருக்க, காணொளியில் ஒரு கூட்டம் நடக்கும். மொழிபெயர்ப்புக்கு வசுமதி சென்செய் உதவ வேண்டுகிறோம்.

வசுமதி சென்செய் நான்தான்.

வேலை போனால் மூன்று மாதத்துக்குள் அவள் வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வர வேண்டும். ஒரு சாவைத் தலையில் சுமந்துகொண்டு வரும் பெண்ணுக்கு எந்த இல்லம் கதவு திறக்கும்?

கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்த மூன்று வாக்கியமும் என் புத்தகத்து வாக்கியம்தான். நான் மொழியை மட்டும்தான் திருத்தினேன்.

ஜூன் 22, சனி

காய் நறுக்கும்போது சந்தானத்திடம் சொன்னேன். என் கணவர் பொதுவாக ஜப்பானியக் கதை என்றால் தினசரிக்குள் தலையை விட்டுக்கொள்வார். இன்று பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு முதல்ல எழுதினது உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. அச்செடுத்த தாளை எடுத்து வந்தேன். என் சிவப்புக் கோடுகளோடு. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து, "இது என்ன, இது என்ன" என்று கேட்டார். கூப்பிட்டேன். வரவில்லை. பெல்ட் போட்டேன். கொக்கி சரியில்லை. நான் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"ஏம்மா, அவளைக் காப்பாத்தற வரியா பாத்துப் பாத்து அடிச்சிருக்கியே."

வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆமாம். நான்தான் செய்தேன். இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

அருணகிரி சாரிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், அறிக்கையையே இங்க உக்காந்து நாம எழுதிக் குடுத்தோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த அணிய யாரு எடுப்பா? பதினாலு பொண்ணுங்க வெளிய உக்காந்திருக்கு. ஒருத்திக்காக பதினாலு பேரு வாழ்க்கையில மண்ணைப் போடச் சொல்றீங்களா? அந்தப் படத்தை அழிச்சிருங்க."

அழிக்கவில்லை. வெளியே வந்தால் பதினான்கு பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். உச்சரிப்பு நன்றாகவே வந்திருக்கிறது.

ஜூன் 26, புதன்

சாருக்குத் தெரியாமல் நிஷியாமா அம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் கை பழக்கப்பட்ட பாதையிலேயே போகிறது. மழைக்காலத்தில் நலமா என்று தொடங்கி, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று இழுத்து, உண்மை வரும் இடத்தில் குரல் கீழே போய்விடுகிறது. உங்கள் ஊழியர் ஹோரிகுச்சி வரவில்லை என்று எழுத எனக்கு அந்த மொழியில் வாய் வரவில்லை. இருபது வருடமாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன், அந்த மொழியில் இதுவரை யாரோடும் சண்டை போட்டதில்லை. சண்டை போடத் தெரியாத மொழியைத்தான் இவ்வளவு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆறாவதாக எழுதியதை அனுப்பினேன். முதல் வரைவில் வேறு விவரங்கள் இருந்தன, அவற்றை நீக்கியது நான், தயவுசெய்து மறுபடி விசாரிக்க வேண்டும் என்று.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டு வரி. மாணவியின் தவறைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள முன்வரும் சென்செய்யின் கனிவு எங்கள் நெஞ்சைத் தொட்டது. மற்றவை கூட்டத்தில்.

ஜூன் 28, வெள்ளி

ஜெபக்கனியோடு போனில் பேசினேன். அவளோடு நான் தமிழில் பேசியதே இல்லை. எடுத்ததும் அவள் ஜப்பானிய மொழியில் நலம் விசாரித்தாள். "தமிழ்லயே பேசும்மா" என்றேன்.

"பேசலாமா சென்செய்?" என்றாள்.

கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லு, ஹோரிகுச்சி வராததை, மணி அடித்ததை, பெல்ட்டை, எல்லாவற்றையும் சொல்லு, முதல் தாள் என்னிடம் இருக்கிறது, நான் காட்டுகிறேன் என்றேன்.

"அது எப்படி சென்செய்? ஹோரிகுச்சி அக்காவ மாட்டிவுட்ட மாதிரி ஆயிரும்லா. அடுத்தவங்கள கை காட்டக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்திய."

"நான் சொன்னது தப்பு. இதுக்கு அது பொருந்தாது."

"அந்தக்கா எனக்கு சாப்பாடெல்லாம் தருவாவ சென்செய். அன்னைக்கு அவுங்க பிள்ளைக்கு காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு. அதான் வரல."

"சரி, அதையும் சேத்துச் சொல்லு."

அதற்கு அவள் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், மறந்துபோனேன் என்று நாளைக்கு நானே சொல்லிவிடக் கூடாது.

"ஒரு வாரமா காலைக் கூட்டத்துல தினமும் அந்த அறிக்கைய எல்லாரு முன்னாடியும் சத்தமா வாசிக்கச் சொன்னாவ. வாசிச்சி வாசிச்சி மனப்பாடம் ஆயிட்டு. இப்பம் அன்னைக்கு நடந்தத நெனச்சா அந்த வாக்கியந்தான் வருது சென்செய். மணி நெசமா அடிச்சுதா, நான் பெல்ட் போட்டனா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கவனக்குறைவுன்னு எழுதியிருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்."

நீ போட்டாய், உன் கையால் எழுதியிருக்கிறாய், என்னிடம் இருக்கிறது என்று கத்தினேன். அந்தத் தாளைத் தமிழில் படித்துக் காட்டினேன். யாரோ பக்கத்து வீட்டுச் செய்தியைக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு, "இதுல எவ்ளோ தப்பு சென்செய்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

மோட்டார் சரியாயிற்று. மனசு ஒன்றிலும் ஒட்டவில்லை.

ஜூலை 1, திங்கள்

முப்பது வாக்கியப் புத்தகத்தை வகுப்பில் கொடுக்கவில்லை. எப்போது தருவீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குப் பதில் இன்று 'எனக்குத் தெரியாது', 'நான் செய்யவில்லை', 'யாராவது வாருங்கள்' என்ற மூன்றையும் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைக்கு வராத பாடம் என்பதால் பாதிப் பேர் எழுதிக்கொள்ளவில்லை. ஹசீனா எழுதிக்கொண்டாள்.

ஜூலை 4, வியாழன்

காலை ஒன்பதுக்குக் கூட்டம். ஜெபக்கனியின் அப்பா செல்லத்துரை முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, உப்புத் தண்ணீரில் வெடித்த கால்கள். ஆபீஸ் தரை அழுக்காகிவிடும் என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். அருணகிரி சார் அவருக்குக் காப்பி கொடுத்தார், எனக்கு ஒரு பார்வை கொடுத்தார்.

திரையில் நான்கு பேர். நடுவில் நிஷியாமா அம்மாள், இந்தப் பக்கம் கோப்போடு ஓர் அதிகாரி, அந்தப் பக்கம் ஹோரிகுச்சி, அவருக்கு ஒட்டி ஜெபக்கனி. ஒன்பது மாதத்தில் இளைத்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் கை தூக்கப் போனவள், பாதியில் இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் வெளுத்திருக்கா" என்று செல்லத்துரை என்னிடம் சொன்னார்.

அதிகாரி அறிக்கையை வாசித்தார். வாசித்து முடித்ததும் நான் மொழிபெயர்க்காமல் பேச ஆரம்பித்தேன். அருணகிரி சார் மேஜைக்குக் கீழே என் காலைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை. சிவப்புக் கோடு போட்ட தாளைக் கேமரா முன் பிடித்து, இதுதான் அவள் எழுதியது, இவை நான் அடித்தவை என்று விரல் வைத்துச் சொன்னேன். ஹோரிகுச்சி என்ற பெயரையும் சொன்னேன். கொக்கிக்கு இப்போது எனக்கு வார்த்தை தெரியும். அதையும் சொன்னேன்.

ஹோரிகுச்சி தலையைக் குனிந்துகொண்டார். நிஷியாமா அம்மாள் தாளைக் கவனமாகப் பார்த்தார். பதற்றத்தில் எழுதும் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும், சென்செய்யின் வழிகாட்டலால் பிறகு அவர் அமைதியாகச் சிந்தித்திருக்கிறார், அதற்கு எங்கள் நன்றி என்றார். அவர் குரலில் துளியும் கபடம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இல்லை, அப்படி இல்லை என்றேன். உரக்கவே சொன்னேன். அதிகாரி கோப்பிலிருந்து நிமிர்ந்தார். அப்படியானால் அவரையே கேட்டுவிடுவோம் என்று ஜெபக்கனி பக்கம் திரும்பினார். கையெழுத்துப் போட்ட அறிக்கை சரியா, சென்செய் கையில் இருக்கும் தாள் சரியா?

ஜெபக்கனி எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு பேசினாள். இரண்டு நிமிடம் இருக்கும். ஓர் இடத்திலும் தட்டவில்லை, தடுமாறவில்லை. மரியாதைச் சொற்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இருபது வருடத்தில் என் மாணவி ஒருத்தி இவ்வளவு சுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

செல்லத்துரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"யாத்தே, என்னமா பேசுதா பாத்தியளா டீச்சர்! அந்த ஊருக்காரி மாதிரியே பேசுதாளே. என்ன சொல்லுதா?"

எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல் அவருக்குச் சொன்னேன். 'எல்லாம் என் கவனக்குறைவுதான். வேறு யாரும் காரணம் இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. என்னால் ஒருவர் உயிர் போனது. சென்செய் என்மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார், அவரையும் மன்னித்துவிடுங்கள்.'

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. திரையில் நிற்கும் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல டீச்சர், தப்பா சொல்லுதா. அன்னைக்கு ராத்திரி அழுதுக்கிட்டே எங்கிட்ட சொன்னது வேற. கூப்பிட்டேன் கூப்பிட்டேன் யாரும் வரலப்பான்னுதான் சொன்னா." என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை மரப்பட்டை போல இருந்தது. "நான் என்ன தப்பு வுட்டாலும் எங்க சென்செய் செவப்பு மையில திருத்திருவாவப்பான்னு எப்பமும் சொல்லுவா. இதயும் திருத்திருங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் அந்த பாசை தெரியும்."

நான் திரையைப் பார்த்தேன். அங்கே நான்கு பேரும் எழுந்து நின்று குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட ஜெபக்கனிதான் அதிகமாகக் குனிந்திருந்தாள். அவர் பிடித்த கையோடு நானும் எழுந்து குனிந்தேன். நிமிர்ந்தபோது திரையில் யாரும் இல்லை.